பிழை பார்த்தவர்கள்

கோப்பித் தோட்டங்கள் பட்டுப்போன வருஷம்
கலியாணப் பத்திரிகை அடிக்கக்கூட ஆள் வரவில்லை.
அதனால்தான் கித்தேரியான் ஒரு நாவலை அச்சுக்கு எடுத்தார்.
பிழை பார்க்கும் வாத்தியாருக்குக் கொடுக்கக் காசில்லை.
ஈரம் காயாத தாள்களை மீன் பையோடு கொண்டுவந்து வைத்து
“உங்களுக்கு எழுத்துத் தெரியுந்தானே” என்றார்,
எனக்கும் தன் அக்காவுக்கும் பொதுவாக,
சுவரைப் பார்த்து.

தெரியும்.
எனக்குக் கன்னியர் மடத்தில் ஐந்து வருஷம்.
மதலேன் மச்சாளுக்கு ஜெபப் புத்தகமும்
செத்துப்போன புருஷனின் கடன் பத்திரங்களும்.
அவ அதிகம் வாசித்தது இரண்டாவதைத்தான்.
ஆகையால் எந்த வரியையும் நம்பிப் பழக்கமில்லை.

துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் வண்டிகள்
கொச்சிக்கடைத் தெருவில் ஓய்ந்த பிறகு
மண்ணெண்ணெய் லாந்தரை நடுவில் வைத்து
நான் வாசிப்பேன், அவ நகத்தால் கீறுவா.
பேனா கித்தேரியானின் மேசைக்குள், பூட்டி.
விடிந்ததும் நகக்குறிகளின் மேல் அவர் மைக்கோடு போடுவார்,
தானே கண்டுபிடித்ததுபோல.

ஒற்று மிகும் இடம், மிகா இடம்
இதெல்லாம் வீட்டுச் செலவுக்கு.
மற்றதை நாங்கள் சும்மா செய்தோம்.
கதாநாயகியின் முகம் ஏழாம் தடவை நிலவானபோது
“இந்த மனுஷன் வீட்டில ஜன்னலே திறக்கிறேல்லையோ”
என்றா மச்சாள்.
காதலனின் கடிதம் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.
“நல்லா எழுதியிருக்கு, அதாலதான் நம்ப ஏலாது” என்றா.
இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை.
உப்பு எங்கே என்றுகூட மகனிடம்தான் கேட்டேன்.

பதினெட்டாம் அத்தியாயத்தில்
விதவை கிணற்றில் குதித்தாள்.
நான் அழுதேன். மறைப்பானேன், அழுதேன்.
மச்சாள் தாள்கட்டைப் புரட்டி
மூன்றாம் அத்தியாயத்தை உருவினா.
“இங்க பார். குடம் ஒரு சதத்துக்குத் தண்ணி வாங்குறாள்.
இவள் வளவில கிணறில்லை.
சாகிறதுக்கு மட்டும் முளைச்சதோ?”
அன்றைக்கு நகம் தாளைக் கிழித்துவிட்டது.

கித்தேரியான் அதைத் தன் கேள்வியாகக் கேட்டிருக்கிறார்.
உபாத்தியாயர் சந்தியோகுப்பிள்ளை குடையோடு வந்தார்.
நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம்.
“நீர் கூர்மையான வாசகர்” என்று அவரைப் புகழ்ந்தது கேட்டது.
மச்சாள் கறிக்கு உப்புப் போட்டா,
இரண்டாம் தரமும் போட்டா.

நல்ல மனுஷன்தான். ஒரு கிழமைக்குள் திருத்தி அனுப்பினார்:
மூன்றாம் அத்தியாயத்தில், கொல்லையில்,
மாதுளைக்குப் பின்னால், ஒரு கிணறு.

“கிணறு வெட்டுறது அவருக்கு லேசு” என்றா மச்சாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

கடைசித் தாள் வந்த இரவு மழை, கூரை ஒழுகியது.
அந்த வாக்கியத்துக்கு வந்து என் குரல் தடுக்கியது.
எழுத்துக் கோக்கும் பொடியன்
‘ற’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ரு’ வைத்திருந்தான்.
ஊரார் ஓடிவந்து பார்த்தபோது, அந்தோ,
அவள் இருந்தாள்.

மச்சாளின் நகம் வந்தது,
மஞ்சள் ஏறிய, முப்பத்தொரு வயது நகம்.
அந்த எழுத்தின் மேல் நின்றது.
லாந்தர்த் திரியை நான் ஏற்றினேன், தேவையில்லாமல்.
பிறகு நகம் அடுத்த வரிக்குப் போனது.
“வாசி” என்றா.

முந்நூறு பிரதி.
உபாத்தியாயர் கண்டுபிடித்துக் குதித்தார்.
சுண்டுவிரல் அகலத்தில் திருத்தச் சீட்டு அடித்தார்கள்:
இருந்தாள் என்பதை இறந்தாள் என வாசிக்க.
ஒட்டுகிற வேலை எங்களுக்கே வந்தது.
கஞ்சிப்பசை கிண்டினோம், பின்னேரம் முழுக்க ஒட்டினோம்.
“எல்லாத்திலயும் ஒட்டியாச்சோ?”
ஓம் என்றோம் இருவரும், ஒரே நேரத்தில்.

அந்த வாரம் கடற்காற்று நல்ல பலம்.
மகனுக்கு மச்சாள் பட்டம் கட்டிக்கொடுத்தா.
தெருவில் வேறெந்தப் பட்டத்துக்கும்
அவ்வளவு நீள வால் இல்லை.